கோடு மாறினால் யார் வெளியே? தொகுதி மறுவரையறையும் சட்டமன்ற உறுப்பினரின் அரசியல் வாழ்வும்

2011 சட்டமன்றத் தேர்தலில் ராசிபுரத்தில் மோதிய இரு முதன்மை வேட்பாளர்களும் அதற்கு முன் கடைசியாக வென்ற தொகுதி ஒன்றே. ஆனால் அது ராசிபுரம் அல்ல, சங்ககிரி. அதிமுகவின் ப.தனபால் 1977, 1980, 1984, 2001 என நான்கு முறை சங்ககிரியில் வென்றவர். திமுகவின் வி.பி.துரைசாமி 2006இல் அங்கே வென்று பேரவைத் துணைத் தலைவராக இருந்தவர். இருவரும் சங்ககிரியை விட்டுவிட்டு ராசிபுரத்தில் வாக்குக் கேட்கக் கட்சித் தலைமையின் கோபமோ மக்களின் அதிருப்தியோ காரணமில்லை. 2008இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறை, பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதியாக இருந்த சங்ககிரியைப் பொதுத் தொகுதியாக்கியது. பொதுத் தொகுதியாக இருந்த ராசிபுரத்தைத் தனித் தொகுதியாக்கியது. தனபால் வென்றார். துணைத் தலைவராகி, 2012இல் பேரவைத் தலைவருமானார். 2016இல் மறுபடியும் தொகுதி மாறி, அவிநாசிக்குப் போனார்.

தமிழ்நாட்டில் தொகுதி மறுவரையறை என்றாலே இன்று பேச்சு மக்களவைக்குத்தான் போகிறது. முப்பத்தொன்பது இடங்கள் குறையுமா, உத்தரப் பிரதேசத்துக்கு எத்தனை கூடும் என்பதே கேள்வி. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்ற வாதம் வலுவானது. 2025 மார்ச் 5 அனைத்துக் கட்சிக் கூட்டமும், அதே மாதம் 22ஆம் தேதி சென்னையில் கூடிய கூட்டு நடவடிக்கைக் குழுவும் அதைச் சரியாகவே எடுத்துவைத்தன. ஆனால் அந்தப் பெரிய சண்டையின் இரைச்சலில், 234 சட்டமன்றத் தொகுதிகளுக்குள் நடக்கப்போவதைப் பற்றி ஏறத்தாழ யாருமே பேசவில்லை. தாலுகா அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்கு அலையும் ஒருவருக்கு மக்களவை எண்ணிக்கையைவிடத் தன் ஊர் எந்தச் சட்டமன்றத் தொகுதிக்குள் விழுகிறது, அங்கே யார் நிற்க முடியும் என்பதுதான் நெருக்கமான கேள்வி. 2008 மறுவரையறை நடந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும், அது யாரை எங்கே தூக்கிப் போட்டது என்ற கணக்கை நாம் முழுதாக எடுத்துப் பார்க்கவில்லை.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1952, 1962, 1972, 2002 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களின்படி நான்கு முறை மறுவரையறை ஆணையங்கள் அமைந்தன. 1976இல் 42ஆவது அரசமைப்புத் திருத்தம், மாநிலங்களுக்கான இட எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்பின் அளவிலேயே நிறுத்திவைத்தது. 84ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. எண்ணிக்கையை மாற்றாமல் எல்லைகளை மட்டும் திருத்த அதுவே வழி விட்டது. அதற்கு 2001 கணக்கெடுப்பைப் பயன்படுத்தலாம் என்றது 2003இல் வந்த 87ஆவது திருத்தம். ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் அந்த வேலையைச் செய்தது. 2008 பிப்ரவரியில் குடியரசுத் தலைவரின் ஆணையால் அது நடைமுறைக்கு வந்தது. அந்த மே மாதமே கர்நாடகம் புதிய எல்லைகளில் வாக்களித்தது. தமிழ்நாடு 2009இல் மக்களவைக்கும் 2011இல் சட்டமன்றத்துக்கும் வாக்களித்தது.

அதாவது 1977 முதல் 2006 வரை எட்டுச் சட்டமன்றத் தேர்தல்கள் ஒரே வரைபடத்தில் நடந்தன. ஒரு தலைமுறை அரசியல்வாதிகள் அந்த எல்லைகளுக்குள் பிறந்து, வளர்ந்து, தேய்ந்தார்கள். எந்த ஊரில் எந்தத் தெருவில் யார் வீட்டில் உட்கார்ந்து பேசினால் வேலை முடியும் என்பது மனப்பாடமாக இருந்தது. சில தொகுதிகளின் பெயர்களோ ஆட்களின் பெயர்களோடு ஒட்டிப்போயிருந்தன. முப்பதாண்டுக்கு ஒருமுறை நடப்பதால்தான் மறுவரையறை நம் நாட்டில் ஓர் அதிர்ச்சியாக வந்து இறங்குகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகத் திருத்தியிருந்தால் இத்தனை பேர் ஒரே நாளில் இடம்பெயர்ந்திருக்க மாட்டார்கள். நம் முறையின் முதல் குறை இந்த நீண்ட இடைவெளிதான் என்பது என் எண்ணம்.

எல்லை மாறுவதைவிடப் பெரிய மாற்றத்தைத் தந்தது தனித் தொகுதிகளின் இடமாற்றம். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 6.24 கோடி, அதில் பட்டியல் சாதியினர் 19 விழுக்காடு. 234 இடங்களில் அந்தப் பங்கு 44.46. எனவே 42ஆக இருந்த தனித் தொகுதிகள் 44 ஆயின. பழங்குடியினரின் பங்கு 2.44 என்று வந்தது. மூன்றாக இருந்த பழங்குடித் தொகுதிகள் இரண்டாயின. ஏற்காடும் சேந்தமங்கலமும் நீடித்தன, உப்பிலியாபுரம் மறைந்தது. பச்சைமலை அடிவாரத்துப் பழங்குடியினர் தங்கள் ஆளைச் சட்டமன்றத்துக்கு அனுப்பும் வாய்ப்பு, தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்த ஓர் எண்ணால் போயிற்று.

பட்டியல் சாதியினருக்கான 44 இடங்கள் எங்கே என்பதற்கு ஆணையம் ஒரு முறையைக் கடைப்பிடித்தது. 2002 சட்டத்தின்படி பழங்குடித் தொகுதிகள் அவர்கள் விகிதம் மிகுந்துள்ள பகுதிகளில் அமைய வேண்டும். பட்டியல் சாதித் தொகுதிகளுக்கு விதி வேறு: மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவியிருக்க வேண்டும், அதோடு விகிதம் ஒப்பீட்டளவில் அதிகமுள்ள இடமாகவும் இருக்க வேண்டும். எனவே முதலில் மாவட்டவாரியாகப் பங்கு பிரித்தார்கள். பிறகு அந்த மாவட்டத்துக்குள் விகிதம் அதிகமுள்ள தொகுதியைத் தனித் தொகுதியாக்கினார்கள். தாளில் பார்த்தால் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

திருவாரூர் மாவட்டத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். பழைய வரைபடத்தில் அங்கே ஐந்து தொகுதிகள். மன்னார்குடி நீங்கலாகத் திருவாரூர், நன்னிலம், வலங்கைமான், திருத்துறைப்பூண்டி நான்கும் தனித் தொகுதிகள். புதிய வரைபடத்தில் வலங்கைமான் என்ற தொகுதியே இல்லை. மாவட்டத்துக்கு நான்கு தொகுதிகள், அவற்றில் திருத்துறைப்பூண்டி ஒன்று மட்டுமே தனி. நிலமற்ற தலித் விவசாயத் தொழிலாளர்கள் செறிந்து வாழும் மண் அது. கூலி உயர்வுக்கும் மானத்துக்கும் நடந்த போராட்டங்களின் வரலாறு கொண்ட வட்டாரம். நான்கு தலித் சட்டமன்ற உறுப்பினர்களை அனுப்பிவந்த ஒரு மாவட்டம் சட்டப்படி ஒருவரை அனுப்பினால் போதும் என்றானது. கணக்குச் சரிதான். ஆனால் அந்த நான்கு இடங்களை நம்பி முப்பதாண்டுகள் உருவான தலித் தலைமைக்குப் போக்கிடம் எங்கே என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லை.

பொதுத் தொகுதியில் தலித் நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் நம் பெரிய கட்சிகள் பொதுத் தொகுதியில் தலித் வேட்பாளரை நிறுத்துவது அரிதிலும் அரிது. ஆகவே தனித் தொகுதி பொதுவாகும் நாளில், அங்கே இருந்த தலித் உறுப்பினர் வேறு ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும் அல்லது வீட்டுக்குப் போக வேண்டும். 2006இல் திருவாரூரில் வென்ற திமுகவின் உ.மதிவாணன் பின்னர் நாகை மாவட்டத்தில் புதிதாக முளைத்த தனித் தொகுதியான கீழ்வேளூருக்குச் சென்று 2016இல் வென்றார். அவர் விட்டுப்போன திருவாரூரில் 2011இல் நின்றவர் கலைஞர் மு.கருணாநிதி. திருக்குவளையில் பிறந்து திருவாரூரில் படித்து வளர்ந்தவர், 1957இல் குளித்தலையில் தொடங்கி தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம் என்று சுற்றியவர், சொந்த ஊரில் போட்டியிட்டது பதினொரு தேர்தல்களுக்குப் பிறகுதான். சேப்பாக்கம் திருவல்லிக்கேணியோடு இணைந்ததும், திருவாரூர் பொதுவானதும் ஒரே ஆணையின் விளைவுகள். ஒரே கோடு ஒருவரைச் சொந்த ஊருக்கு அழைத்துவந்தது, இன்னொருவரைச் சொந்தத் தொகுதியிலிருந்து அனுப்பியது.

எதிர்த்திசையிலும் இது நடந்தது. ஓ.பன்னீர்செல்வம் 2001, 2006 தேர்தல்களில் பெரியகுளத்தில் வென்றவர். நகராட்சித் தலைவராகத் தொடங்கிய அவருடைய அரசியல் முழுக்கப் பெரியகுளத்து அரசியல். முதல் முறை முதலமைச்சரானபோது அவர் பெரியகுளத்தின் உறுப்பினர். மறுவரையறைக்கு முன் தேனி மாவட்டத்தில் ஐந்து தொகுதிகளும் பொது. பின்னர் தேனி என்ற தொகுதி நீங்கி நான்காயின, அதில் மாவட்டத்தின் பங்குக்கு வந்த ஒரு தனித் தொகுதி பெரியகுளத்துக்குப் போயிற்று. அவர் போடிநாயக்கனூருக்கு நகர்ந்து 2011, 2016, 2021 என மூன்று முறை வென்றார். அடுத்த இரண்டு முறை முதலமைச்சர் பொறுப்பேற்றது போடியின் உறுப்பினராகத்தான். மாவட்டம் முழுவதும் கட்சியைக் கையில் வைத்திருந்தவருக்குப் பக்கத்துத் தொகுதி தூரமில்லை.

விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் இந்த நகர்வு ஒருவரோடு நிற்காமல் தொடர்ந்து போனது. சி.வி.சண்முகம் 2001, 2006இல் திண்டிவனத்தில் வென்றவர். திண்டிவனம் தனித் தொகுதியாயிற்று. அவர் 2011இல் விழுப்புரத்துக்கு வந்து, அங்கே பலமுறை வென்று வேரூன்றியிருந்த க.பொன்முடியைத் தோற்கடித்தார். பொன்முடி 2016இல் திருக்கோவிலூருக்குப் போய் வென்றார். எ.வ.வேலுவின் தண்டராம்பட்டுத் தொகுதி வரைபடத்திலிருந்து நீங்கியது. அவர் திருவண்ணாமலைக்கு வந்தார். அங்கே 1996 முதல் மூன்று முறை தொடர்ந்து வென்றிருந்த கு.பிச்சாண்டி, புதிதாக உருவான கீழ்பென்னாத்தூருக்குச் சென்றார். ஒரு தொகுதியில் எடுத்த முடிவு, அடுத்தடுத்த தொகுதிகள் வரை ஆட்களை நகர்த்துகிறது. தொகுதியின் தன்மை மாறியது எங்கோ, இடம் இழந்தவர் வேறு எங்கோ.

இங்கே பெயர் சொன்னவர்கள் ஏறத்தாழ எல்லாரும் பிழைத்துக்கொண்டவர்கள். அமைச்சர், மாவட்டச் செயலாளர் போன்ற நிலையில் இருந்தவர்கள் தங்களுக்கு ஏற்ற புதிய தொகுதியைக் கேட்டு வாங்க முடிந்தது. வரலாற்றில் பெயர் தங்காதவர்கள் வேறு. ஒரே ஒருமுறை வென்று, ஐந்தாண்டு ஓடியாடி வேலை செய்து, அடுத்த முறையும் கிடைக்கும் என்று காத்திருந்தவர்களுக்குத் தொகுதியே இல்லாமல் போனது. தமிழ்நாட்டுக் கட்சிகளின் அமைப்பு ஊராட்சி ஒன்றியம், பேரூர், நகரம், மாநகரப் பகுதி என்ற அலகுகளில் நடக்கிறது. சட்டமன்றத் தொகுதியின் எல்லை அந்த அலகுகளை வெட்டிக்கொண்டு போகும்போது, உறுப்பினர் தன் ஆளல்லாத ஒன்றியச் செயலாளர்களை நம்பி நிற்க வேண்டியிருக்கிறது. மாவட்டச் செயலாளரின் கையில் இருக்கும் பிடி அப்போது இன்னும் இறுகுகிறது. மறுவரையறை கட்சிக்குள் பலம் உள்ளவரைப் பலப்படுத்துகிறது, சுயமாக வளர்ந்தவரைத் தலைமையின் தயவில் நிறுத்துகிறது. இந்த விளைவுதான் எனக்கு மிகுந்த கவலை தருவது. தொகுதி மக்களிடம் சேர்த்த நம்பிக்கை ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு உள்ள ஒரே சொந்த மூலதனம். தலைமையோடு முரண்பட்டுப் பேசும் துணிவு அதிலிருந்துதான் வரும்.

வாக்காளருக்கும் இழப்பு உண்டு. பாதி கட்டி நின்ற பாலம், தொடங்கி நின்றுபோன குடிநீர்த் திட்டம் ஆகியவற்றுக்காக யாரைக் கேட்பது என்ற தொடர்ச்சி அறுந்துபோகிறது. வாக்குறுதி தந்தவர் வேறு தொகுதிக்குப் போய்விட்டார். வந்திருப்பவர் அந்த வாக்குறுதியைத் தந்தவரில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது, நம் ஆணையம் கட்சி சார்ந்து கோடு போட்டது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவோடு ஒப்பிட்டால் நம் முறையின் மதிப்புத் தெரியும். அங்கே பல மாநிலங்களில் சட்டமன்றமே தன் தொகுதிகளை வரைகிறது. இலினாய் மாநிலத்தில் இரு கட்சிகளும் சமமாக அமர்ந்த குழு உடன்பாட்டுக்கு வராவிட்டால், குலுக்கலில் ஒரு கட்சிக்குக் கூடுதல் உறுப்பினர் கிடைப்பார். 2001இல் ஆபிரகாம் லிங்கனின் தொப்பியைப் போன்ற ஒன்றிலிருந்து எடுத்த சீட்டு ஜனநாயகக் கட்சிக்கு விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மத்தியக் கீழவைக்கு முயன்று பாபி ரஷ்ஷிடம் மோசமாகத் தோற்றிருந்த மாநில செனட்டர் பராக் ஒபாமாவின் 13ஆம் தொகுதி புதிதாக வரையப்பட்டது. சிகாகோவின் தென்பகுதிக் கறுப்பின வட்டாரங்களிலிருந்து வடக்கே நகர மையத்தின் செல்வந்தர் பகுதிகள் வரை அது நீண்டது. 2002இல் அவர் கட்சி மாநில செனட்டைக் கைப்பற்ற, 2003இல் கொலை வழக்கு விசாரணைகளைப் பதிவுசெய்யும் சட்டம் உள்ளிட்ட பலவற்றை அவர் நிறைவேற்றினார். 2004இல் மத்திய செனட்டுக்குத் தேர்வானார். நியூயார்க்கில் இதற்கு நேர் எதிரானது நடந்தது. 2000இல் புரூக்ளினில் பதவியிலிருந்த ரோஜர் கிரீனை உட்கட்சித் தேர்தலில் எதிர்த்து நின்று தோற்ற ஹக்கீம் ஜெஃப்ரிஸின் வீடு, அடுத்த மறுவரையறையில் அந்தத் தொகுதிக்கு வெளியே தள்ளப்பட்டது. அவர் சட்டமன்றத்துக்குள் நுழைய 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கட்சி ஆதாயத்துக்காகக் கோடு வரைவதை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று கைவிரித்தது.

இங்கே நிலைமை வேறு. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருப்பவரோ இருந்தவரோ தலைமையில், தேர்தல் ஆணையர் ஒருவரும் அந்தந்த மாநிலத் தேர்தல் ஆணையரும் முடிவெடுக்கிறார்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஐந்து மக்களவை உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் துணை உறுப்பினர்களாக அமர்ந்து கருத்துச் சொல்லலாம், வாக்களிக்க முடியாது. ஆந்திரம், ராஜஸ்தான் மாநிலங்களின் 2008 எல்லைகளை ஆராய்ந்த லட்சுமி ஐயரும் மாயா ரெட்டியும் பெரும்பாலும் நடுநிலையாகவே வேலை நடந்தது என்று கண்டார்கள். துணை உறுப்பினர்களாக இருந்த சிலருக்கு மட்டும் சாதகமான சாய்வு தெரிந்தது. அந்தச் சிறிய சாய்வையும் நாம் கவனிக்க வேண்டும். 234 பேரில் ஐந்து பேருக்கு மட்டும் வரைபடம் வரையப்படும் அறையில் நாற்காலி உண்டு. மற்றவர்கள் வரைவு வெளியான பின் பொதுக் கூட்டத்தில் மனுக் கொடுக்க வேண்டும்.

நீதிமன்றத்துக்குப் போகலாமா என்றால், அரசமைப்பின் 329ஆவது பிரிவு அந்தக் கதவை நெடுங்காலம் அடைத்தே வைத்திருந்தது. குஜராத்தில் பர்தோலி சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதியாக்கப்பட்டதை எதிர்த்து வந்த வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம் அதைச் சற்றே திறந்தது. ஆணையத்தின் முடிவு வெளிப்படையாகவே தன்னிச்சையானது, அரசமைப்பின் விழுமியங்களுக்கு ஒவ்வாதது என்றால் நீதிமன்றம் பார்க்கலாம் என்றது. அடுத்த மறுவரையறையில் இந்தத் தீர்ப்பு பலமுறை மேற்கோள் காட்டப்படும்.

மறுவரையறையே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. 2008க்கு முன் வில்லிவாக்கமும் தாம்பரமும் பெருத்துப் போய், ஒரு தொகுதிக்குப் பல லட்சம் வாக்காளர் என்ற நிலையில் இருந்தன. அவற்றைப் பிரித்ததில்தான் மாதவரம், ஆவடி, மதுரவாயல், சோழிங்கநல்லூர், பல்லாவரம் போன்றவை பிறந்தன. சென்னைக்குள் பதினான்கு இடங்கள் பதினாறாயின. பூங்காநகரும் புரசைவாக்கமும் திருவல்லிக்கேணியும் தனிப் பெயரை இழந்தன, கொளத்தூரும் விருகம்பாக்கமும் வேளச்சேரியும் வந்தன. ஆயிரம் விளக்கில் நான்கு முறை வென்ற மு.க.ஸ்டாலின் 2011இல் கொளத்தூரில் மூவாயிரத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். அந்தப் புதிய தொகுதிதான் பின்னர் ஒரு முதலமைச்சரின் தொகுதியானது. ஆனால் 2021 தேர்தலில் சோழிங்கநல்லூரில் வாக்காளர் சுமார் ஏழு லட்சம், துறைமுகத்தில் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. இரண்டு தொகுதிக்கும் சட்டமன்றத்தில் தலா ஒரு குரல். பழைய மகாபலிபுரம் சாலையில் குடியிருப்பவரின் வாக்குக்கு மண்ணடிக்காரரின் வாக்கில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பும் இல்லை. இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

திருத்தும்போது இடம் எங்கிருந்து போகும் என்பதும் தெரிந்ததுதான். 2008இலேயே தஞ்சாவூர் மாவட்டம் ஒன்பதிலிருந்து எட்டானது, திருவோணம் மறைந்தது. திருவாரூரின் கதையை மேலே பார்த்தோம். பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் ஓசூருக்கும் சென்னைப் புறநகருக்கும் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். சட்டமன்றத்தின் மொத்த இடங்கள் உயராவிட்டால் டெல்டாவும் தென்மாவட்டங்களும் இன்னும் இழக்கும். காவிரி நீரைப் பற்றிச் சட்டமன்றத்தில் எழுந்து பேசும் குரல்கள் குறையும். தென்மாநிலங்கள் தில்லியிடம் வைக்கும் அதே வாதத்தை, நாளை நாகப்பட்டினம் சென்னையிடம் வைக்கும். அப்போது நாம் என்ன பதில் சொல்வோம் என்று இப்போதே யோசிப்பது நேர்மை.

அடுத்த கணக்கெடுப்பின் மக்கள்தொகைப் பதிவுக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்து 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. 2023இல் நிறைவேறிய 106ஆவது திருத்தம் பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டை மறுவரையறையோடு கட்டிப்போட்டிருக்கிறது. 234இல் 78 இடங்கள். தனித் தொகுதிகளுக்குள்ளும் மூன்றில் ஒன்று பெண்களுக்கு. ஆக, எல்லை, தனித் தொகுதி, பெண்கள் தொகுதி என மூன்று மாற்றங்கள் ஒன்றாக வந்தால், இன்றைய உறுப்பினர்களில் எத்தனை பேருக்கு இன்றைய தொகுதி மிஞ்சும்? 2008இன் இடப்பெயர்வு அதன் முன்னால் சிறியதாகத் தெரியும்.

பெண்கள் ஒதுக்கீட்டைத் தள்ளிப்போட இதைக் காரணமாக்கக் கூடாது. ஏற்கெனவே அநியாயமான காலம் தள்ளிப்போட்டாயிற்று. ஆனால் அந்தத் தொகுதிகள் ஒவ்வொரு மறுவரையறைக்குப் பின்னும் சுழலும் என்ற ஏற்பாட்டை இப்போதே விவாதிக்க வேண்டும். சங்ககிரியில் ஒரு தலித் தலைமைக்கு நேர்ந்தது, நாளை பெண் உறுப்பினருக்கு நேரலாம். மும்பை மாநகராட்சி வார்டுகளை ஆராய்ந்து ரிகில் பவ்னானி 2009இல் வெளியிட்ட ஆய்வில் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று இருக்கிறது: பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுப் பின்னர் பொதுவான வார்டுகளில், ஒதுக்கீடே இல்லாதிருந்த வார்டுகளைவிடப் பெண் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஒருமுறை வென்றவரைக் கட்சி மறுபடியும் நிறுத்தினால் இது நடக்கும். தனித் தொகுதி பொதுவானபோது நம் கட்சிகள் தலித் உறுப்பினர்களை அதே ஊரில் நிறுத்தவில்லை. சங்ககிரியில் நான்கு முறை வென்றவரைப் பொதுத் தொகுதியான சங்ககிரியிலேயே நிறுத்தத் தடையாக இருந்தது எந்தச் சட்டப் பிரிவும் அல்ல, வேட்பாளர் பட்டியலைத் தயாரித்தவர்களின் மனம்தான்.